பென்சிலின் ஆகாத பிள்ளை

முட்டுக்காடு
ஜனவரி 7

அன்புள்ள மருமகள் ஜெபாவுக்கு உன் தாய்மாமன் மோசஸ் எழுதிக்கொள்வது.

இதெல்லாம் நடக்கும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டேன். கிறிஸ்துமஸ் கேக் வெட்டும்போதே உன் அம்மாவிடம் சொன்னேன். "ஜாக்குலினு, இந்தப் பொண்ணு தண்ணியே குடிக்க மாட்டேங்குது. ஹாஸ்டல் பாத்ரூமு நாறுதுன்னு காலையிலேர்ந்து சாயந்தரம் வரிக்கும் அடக்கி வெச்சுகினு கீது. இது குளிர் ஜுரத்துலதான் போய் நிக்கும். இடுப்புல வலி எடுக்கும். டாக்டரு கிட்னியில கிருமின்னு சொல்லுவாரு, பாத்துக்கோ" என்றேன். அவள் ஒரு கேக்குத் துண்டை என் வாயில் அடைத்து, "நீ போய் ஜாக்கெட்டு மாட்டுண்ணே" என்றாள். இப்போது இன்னா ஆச்சு? அப்படியே நடந்தது. ஒரு எழுத்து மாறவில்லை.

படகுத்துறையில் வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டுகிறவன்தானே என்று உன் அம்மாவுக்கு என்மேல் இளக்காரம். நெஞ்சுப் பட்டையை இழுத்து மாட்டும்போது ஆளுடைய மூச்சை வைத்தே அவனுக்குச் சர்க்கரையா, பிரஷரா, பெண்டாட்டியோடு சண்டையா என்று சொல்லிவிடுவேன். போன மாதம் ஒரு பெரிய ஹார்ட் டாக்டர் படகு ஏற வந்தார். "நீங்க மட்டும் படிச்சிருந்தா நான் உங்ககிட்ட கம்பவுண்டரா சேர்ந்திருப்பேன் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. எட்டாவதோடு நின்றவன்தான். அது என் குறை இல்லை. ஒன்பதாவதுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

போலீஸ் தேர்வு முடியும்வரை உங்கள் அகாடமியில் போனை வாங்கிப் பூட்டி வைத்திருப்பதால் பேனா பிடிக்கிறேன். முட்டை வண்டி ரஞ்சித்குமார் இந்த ரோட்டு ரிசார்ட்டுகளுக்கு முட்டை இறக்கிவிட்டுச் செங்கல்பட்டில் உங்கள் ஹாஸ்டலுக்கும் வருகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவனிடமே கொடு.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தவனுக்கு இதுதானா மரியாதை? டாக்டரம்மா கேட்டார், "ஏதாவது மருந்து ஒத்துக்காம போயிருக்கா?" என்று. நீ "தெரியல மேடம்" என்றாய். தெரியவில்லையாம்! நான் எழுந்து நின்று "பென்சிலின்!" என்றேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அதுதானே உன் கோபம்?

உனக்கு அப்போது நாலு வயசு. கோவளத்தில் நல்ல ஜுரம். ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பென்சிலின் ஊசி போட்டார்கள். ஊசியை வெளியே எடுக்கவில்லை, அதற்குள் உடம்பெல்லாம் தடித்து, உதடு நீலமாகி, தொண்டை அடைத்துக்கொண்டது. உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு கோவளத்திலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் ஒரே ஓட்டம். நடுவில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அங்கே பெரிய டாக்டர், "இந்தப் பிள்ளைக்கு உசுரு கொடுத்தது நான் இல்ல, இவரு கால்" என்று என் காலைத் தொட்டுக் காட்டினார். நீ இன்றைக்குப் போலீஸ் ஓட்டம் ஓடுகிறாய் என்றால், அந்த ஓட்டம் என்னிடமிருந்து வந்தது.

நான் சொன்னதும் டாக்டரம்மா முதலில் எழுதிய சீட்டைக் கிழித்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார். உன் ஃபைல் மேலே சிவப்பு மையில் "பென்சிலின் ஆகாது" என்று போட்டார். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இன்று உன் அம்மா யாரிடம் போய் அழுவாள்? யோசி.

ரஞ்சித்குமாரிடம் பால்பவுடர் டப்பா ஒன்று அனுப்பியிருக்கிறேன். மாத்திரையோடு சூடாகக் குடி.

உன் மாமன்
மோசஸ்


செங்கல்பட்டு, ஹாஸ்டல்
ஜனவரி 10

மாமாவுக்கு,

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வார்டன் போனில் பேசும்போது அம்மா, "மாமா மனசு கஷ்டப்படுது, ரெண்டு வரி எழுது" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பால்பவுடரை என் அறைத்தோழி ஸ்ரீதேவிக்குக் கொடுத்துவிட்டேன். இந்த மாத்திரையைப் பாலோடு சாப்பிடக் கூடாது என்று டாக்டர் உங்கள் எதிரில்தான் சொன்னார். அப்போது நீங்கள் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் கோவளத்து ஓட்டத்தை ஓடிக்கொண்டிருந்தீர்கள்.

என் கோபம் நீங்கள் கத்தியதற்கு இல்லை. என் உடம்பில் எது எங்கே வலிக்கிறது, நான் எதை அடக்கி வைக்கிறேன் என்பதெல்லாம் ஏன் ஊருக்கே தெரிய வேண்டும்? ரஞ்சித்குமார் அண்ணனிடம் சொல்லியிருக்கிறீர்கள். அவர் முட்டையோடு சேர்த்து அதையும் சமையல்கட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். இப்போது ஜெகதீசன் மாஸ்டர் மைதானத்தில், "ஏய் பென்சிலின், முட்டியைத் தூக்கி ஓடு" என்கிறார். என் பெயர் இங்கே யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஜுரம் குறைந்திருக்கிறது. ஆனால் இந்த மாத்திரை என்னை ஒரு இடத்தில் இருக்க விடவில்லை. வாயில் எப்போதும் துருப்பிடித்த ஆணியைச் சப்புகிற ருசி. படுத்தால் தூக்கம் இல்லை. தூங்கினால் கனவில் யாரோ விசில் ஊதுகிறார்கள், நான் கோட்டுக்கு வரவே முடியவில்லை. ஸ்ரீதேவி சொல்கிறாள், "இன்னாடி, தூக்கத்துலயும் வார்ம்-அப் பண்ணிகினு கீற? கட்டிலு ஆடுது" என்று. காரணமே இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது. நேற்று சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

இன்னொன்று. வலது காலில், குதிகாலுக்கு மேலே பின்பக்கம் ஒரு வலி. ஓடும்போது இழுக்கிறது. மாஸ்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் உட்கார வைத்துவிடுவார். ஓட்டம் பிப்ரவரி கடைசி வாரம். எழுத்துத் தேர்வில் தேறியாகிவிட்டது. நானூறு மீட்டரில் விட்டால் மறுபடி எழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அடுத்து எப்போது ஆள் எடுப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. அதுவரை அம்மா அந்த ஃப்ளாட்டுகளில் மாடி மாடியாகத் துடைத்துக்கொண்டே இருப்பாள்.

அம்மா உங்களைப் பார்க்க முட்டுக்காட்டுக்கு வருவதில்லை என்று குறை சொல்லாதீர்கள். அப்பா அந்தத் தண்ணீரில் மூழ்கிப் போனதிலிருந்து அவள் பாலத்தைக்கூடக் கண்ணை மூடிக்கொண்டுதான் கடக்கிறாள். உங்களுக்குத் தெரியாததா?

ஜெபா


முட்டுக்காடு
ஜனவரி 12

அன்புள்ள மருமகளுக்கு,

குதிகால் வலி வரும் என்று நான் எதிர்பார்த்தேன். கடிதத்தில் எழுதினால் பயப்படுவாய் என்றுதான் விட்டுவிட்டேன். கிருமி கிட்னியை விட்டு ஓடும்போது காலின் வழியாகத்தான் இறங்கும். வேறு வழி எங்கே இருக்கிறது அதற்கு? கடைசியாக நிற்கிற இடம் குதிகால். நல்லெண்ணெயைச் சுட வைத்துத் தேய். தேய்த்துவிட்டு ஓடு. உட்கார்ந்தால் அங்கேயே குடியிருந்துவிடும். ஓடித்தான் துரத்த வேண்டும். இதை நான் ஒரு ஒலிம்பிக் ஆட்டக்காரனுக்கே சொல்லி, அவன் போய் மெடல் வாங்கினான். பெயர் வேண்டாம், அவனுக்குச் சங்கடம்.

மாத்திரை சங்கதி எனக்குச் சொல்லித் தராதே. நான் பார்க்காத ஆன்டிபயாட்டிக்கா? கடைவாய்ப் பல்லில் சீழ் வைத்து முகம் ஒருபக்கம் பூசணிக்காயாக இருந்தபோது பல் டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். "இதைப் போட்டுகினு தண்ணி அடிக்கக் கூடாது" என்றார். நான் அடிக்கவில்லை. துறையில் கூட வேலை பார்க்கிற சேகரு பையனுக்குப் பேர் வைத்த விசேஷத்தில் பிராந்திதான் கொஞ்சம் குடித்தேன். அவ்வளவுதான். முகம் தணலாகிவிட்டது, நெஞ்சு தவில் அடிக்கிறது, வயிறு மேலே வருகிறது. மறுநாள் துறையில் ஒரு மாப்பிள்ளைக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவன் புதுச் சட்டைமேலேயே வாந்தி எடுத்துவிட்டேன். அந்த மாப்பிள்ளை கோபித்துக்கொள்ளவில்லை. "உங்க ஆசீர்வாதம் அண்ணாத்த" என்றான். இன்றைக்கும் கல்யாண நாளுக்குப் போன் செய்கிறான்.

நீ தூக்கம் வரவில்லை, படபடப்பு என்று எழுதியது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்கும் அதைப் படித்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. சும்மா பஸ் ஸ்டாப்பு வரை போய்ப் போய் வருகிறேன்.

ரஞ்சித்குமாரைக் கண்டித்துவிட்டேன். அவனிடம் நான் சொன்னது பெருமைக்காக. "எங்க ஜெபா அன்னைக்கே போயிருக்க வேண்டிய உசுருடா. பஸ்ஸுல தூக்கினு வரேன், டிரைவரு ஆர்ன்ல வெச்ச கைய எடுக்கல, வழியெல்லாம் வண்டி ஒதுங்குது" என்று சொன்னேன். கேட்டு அவன் கண்ணே கலங்கிப்போச்சு. பெரிய ஆளாக வரப் போகிறவளுக்கு இப்படி ஒரு கதை இருப்பது நல்லதுதான். நாளைக்கு நீ இன்ஸ்பெக்டர் ஆனால் பேப்பரில் போடுவான்.

எண்ணெய் தேய்த்துவிட்டு ஓடு. பயப்படாதே.

மாமன் மோசஸ்


செங்கல்பட்டு
ஜனவரி 19

மாமாவுக்கு,

ஓடினேன். நீங்கள் சொன்னபடி நல்லெண்ணெய் தேய்த்துவிட்டு, மாஸ்டரிடம் வாயே திறக்காமல் ஓடினேன். கடைசி வளைவில் பின்னாலிருந்து யாரோ குதிகாலில் கல்லால் அடித்த மாதிரி இருந்தது. "யாருடி அது?" என்று திரும்பினேன். யாரும் இல்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ரீதேவியும் மாஸ்டரும்தான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் காலைப் பார்க்கும்முன் மாத்திரை அட்டையைத்தான் கேட்டார். இந்த வகை மாத்திரை சில பேருக்குக் குதிகாலின் தசைநாணை வீங்க வைக்குமாம், தூக்கத்தையும் கெடுக்குமாம். "வலி வந்தா மாத்திரையை நிறுத்திட்டு உடனே வான்னு சீட்டு பின்னாடியே எழுதிக் கொடுத்தேனேம்மா, யார் ஓடச் சொன்னா?" என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நாண் அறுந்துபோகவில்லை, வீங்கியிருக்கிறது. மூன்று வாரமாவது ஓடக் கூடாது. அப்புறம் மெல்ல ஆரம்பிக்கலாம் என்கிறார். அப்படியானால் தேர்வுக்குச் சில நாள் மிஞ்சும். அந்தச் சில நாளை நம்பித்தான் இருக்கிறேன்.

ஆனால் கிருமி போகவில்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், சல்ஃபா வகை. மறுநாளே முதுகு, கழுத்து, முகமெல்லாம் சிவப்புப் புள்ளியாகப் பூத்துவிட்டது. அதையும் நிறுத்தியாகிவிட்டது. "உனக்கு உண்மையிலேயே ஆகாத மருந்து இதுதான்" என்று எழுதிக்கொண்டார். சாயந்தரம் ஆனால் மறுபடி லேசான குளிர். சிறுநீரைக் கல்ச்சர் சோதனைக்குக் கொடுத்திருக்கிறது, எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும் என்று வியாழக்கிழமை தெரியுமாம்.

அம்மா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். என் முதுகைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை.

"இது அப்போ வந்த மாதிரி இல்லியே. அப்போ உன் காலுல கோடு கோடால்ல இருந்துச்சு, கயித்தால வெளாசின மாதிரி."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "ஊசி ஒத்துக்காம வர்ற தடிப்பு கோடு போட்டு வராதே" என்றார். அந்தக் கோடுகளில் ஒன்று இன்னும் என் இடது கணுக்காலுக்கு மேலே மங்கலாக இருக்கிறது மாமா. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். ஊசி போட்டது எங்கே, கோடு விழுந்தது எங்கே?

இன்னொன்றும் தோன்றியது. முதல் கடிதத்தில் கேளம்பாக்கம் வரை ஓடினீர்கள். இரண்டாவதில் பஸ்ஸில் வந்தீர்கள். அம்மாவிடம் கேட்டால், "எனக்கு இன்னா தெரியும், நான் அப்புறம்தான் வந்தேன், அண்ணன் சொன்னதுதான்" என்கிறாள். அப்படியென்றால் பார்த்தது நீங்கள் ஒருவர்தான்.

வியாழக்கிழமை வாருங்கள். டாக்டர் உங்களிடம் நேராகக் கேட்க வேண்டுமாம். எந்த ஊசி, போட்டு எவ்வளவு நேரத்தில் தடித்தது, மூச்சு எப்படி இருந்தது என்று. கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் போதும்.

ஜெபா


முட்டுக்காடு
ஜனவரி 23, சாயந்தரம்

அன்புள்ள மருமகளுக்கு,

நான் பாதியில் கிளம்பியதைப் பற்றித் தப்பாக நினைக்காதே. உள்ளே கூப்பிடுகிற நேரத்தில் துறையிலிருந்து போன். ஒரு பள்ளிக்கூடமே சுற்றுலா வந்து இறங்கிவிட்டது. ஜாக்கெட் மாட்ட ஆள் இல்லை. "மோசஸ் அண்ணன் வராம ஒரு படகும் நவுராது" என்று பிள்ளைகள் எல்லாம் தரையில் உட்கார்ந்துவிட்டார்களாம். நான் என்ன செய்ய? வந்து பார்த்தால் ஒரு பையன் தண்ணீரில் விழுந்தே விட்டான். பேண்ட்டோடு குதித்துத் தூக்கினேன். கலெக்டர் ஆபீசிலிருந்து பேசினார்கள். ஏதோ விருது என்கிறார்கள். நான் வேண்டாம் என்றுவிட்டேன்.

டாக்டரம்மாவிடம் நான் சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லிவிட்டேன். பெரிய படிப்புப் படித்தவர், ஒருமுறை சொன்னால் போதாதா? கோடு, கட்டம் என்று உன் அம்மா எதையாவது உளறுவாள். அந்த நேரத்தில் அவள் கண்ணில் தண்ணீர். அவளுக்கு என்ன தெரிந்திருக்கும்?

பழையதைக் கிளறாமல் வேறு நல்ல மருந்தாகக் கேட்டு வாங்கிக்கொள். உலகத்தில் ஒரே ஒரு மருந்தா இருக்கிறது?

சாப்பிட்டாயா?

மாமன்


செங்கல்பட்டு
ஜனவரி 24

மாமா,

உங்கள் செருப்பை ரஞ்சித்குமார் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். முட்டைத் தட்டுக்கு மேலே வைத்துக் கொண்டுவருவார்.

டாக்டர் அறை வாசலில் கழற்றிப் போட்டது. நர்ஸ் என் பெயரைக் கூப்பிட்டார். நான் நொண்டிக்கொண்டு எழுந்தேன். பக்கத்தில் பார்த்தால் நாற்காலி காலி. டீ குடிக்கப் போயிருப்பீர்கள் என்று அம்மா ஆஸ்பத்திரி கேட் வரை போய்த் தேடினாள். சைக்கிள் ஸ்டாண்டுக்காரர், "வெறுங்காலோட ஒருத்தர் பஸ்ஸுக்கு ஓடினாரு, உங்க ஆளா?" என்று கேட்டாராம். உங்கள் ஓட்டத்தை முதல்முறையாக ஒரு சாட்சி பார்த்திருக்கிறார்.

பையனைத் தூக்கியது, விருது எல்லாம் இருக்கட்டும். நான் இப்போது சொல்வதைக் கேளுங்கள்.

ரிப்போர்ட் வந்துவிட்டது. என் கிருமி சாதாரணமானதுதானாம். பென்சிலின் குடும்பத்து மாத்திரை ஒன்றிலேயே போய்விடுமாம். முதல் நாள் டாக்டர் எழுதிக் கிழித்தாரே, அதே மாத்திரை. சிவப்பு மையால் அது எனக்குக் கிடையாது. அதை விட்டால் இருப்பது ஒரு ஊசி. திங்கட்கிழமை அட்மிட் ஆக வேண்டும். படுக்கையில் வைத்துத் தினமும் போடுவார்கள், அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அது சில பேருக்குக் காதைப் பாதிக்குமாம். அதோடு பத்து நாள் படுத்து எழுந்தால் என் காலில் எந்தத் தெம்பும் இருக்காது, தேர்வை மறந்துவிடலாம் என்கிறார் மாஸ்டர். அவரே இப்போது என்னை ஜெபா என்று கூப்பிடுகிறார். அதுதான் பயமாக இருக்கிறது.

டாக்டரிடம் கெஞ்சினேன். "பழைய கதை சந்தேகம்னா ஆஸ்பத்திரியிலயே வெச்சு துளி மருந்து கொடுத்து சோதிச்சுப் பாத்து ஆரம்பிக்கலாம். ஆனா உதடு நீலமாச்சு, தொண்டை அடைச்சுதுன்னு ஒருத்தர் கண்ணால பாத்ததா சொல்லும்போது நான் அந்த சோதனைகூட செய்யமாட்டேன். தப்பாப் போனா உன் உயிரும்மா" என்றார். அவர் சொல்வது சரி. நீங்கள் சொன்னதை அவர் நம்புகிறார். உங்களை நம்பி ஒரு டாக்டர் மருந்தை மாற்றியிருக்கிறார். நீங்கள் ஆசைப்பட்டது இதுதானே?

இரவல் காகிதத்தில் எழுதுகிறேன், குளிர் விடவில்லை. நீங்கள் என்னைத் தூக்கி வளர்த்தவர். உங்களுக்கு என்மேல் உயிர் என்று எனக்குத் தெரியும். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு என் உதடு நீலமாச்சா, ஆகலையா? ஆச்சு என்றால் நான் திங்கட்கிழமை போய்ப் படுத்துக்கொள்கிறேன், உங்களை ஒன்றும் சொல்லமாட்டேன். எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அலங்காரம் வேண்டாம்.

ஜெபா


உங்கள் ஹாஸ்டல் கேட் வாசல்
ஜனவரி 27, காலை

அன்புள்ள ஜெபாவுக்கு,

"இதையும் நான் முன்னாடியே" என்று எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். மேலே அடித்தது தெரிந்தால் படிக்காதே.

சனிக்கிழமையிலிருந்து எழுதுகிறேன். எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். நேராக எழுதலாம் என்று உட்கார்ந்தால் பேனா தானாக ஓட ஆரம்பிக்கிறது. ஒரு காகிதத்தில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறேன். இன்னொன்றில் மாமல்லபுரத்துக் கடற்கரைக் குதிரை ஒன்று எதிரில் வந்து, அதில் ஏறிவிட்டேன். நேற்று துறையில் ஒரு அம்மாவுக்கு ஜாக்கெட்டைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். "இன்னாய்யா, முழுவ வுடப் பாக்கிறியா?" என்று அந்த அம்மா கத்தியது. அதற்கு மேல் கை வேலைக்கு நிற்கவில்லை. பள்ளிக்கூடப் பையன் யாரும் விழவில்லை. போனும் வரவில்லை. நர்ஸ் உன் பெயரைக் கூப்பிட்டதும் என் கால் எழுந்து போய்விட்டது.

உன் அப்பா ஸ்டான்லி தண்ணீரில் போனதற்கு அடுத்த வருஷம் அது. உன் அம்மா என் கையை உன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். "இவளைக் கடல் பக்கம் இட்டுனு போனேன்னு தெரிஞ்சுது, அன்னையோட நீ எனக்கு அண்ணன் இல்ல." கோவளத்தில் மாதா கோயில் பார்க்க என்று சொல்லித்தான் உன்னைக் கூட்டிப் போனேன். கோயிலும் பார்த்தோம். வெளியே வந்ததும் நீ அலைச் சத்தத்தைக் கேட்டுவிட்டாய். "யாரு மாமா தண்ணிய தள்றாங்க?" என்று கேட்டாய். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாமல் நான் நின்றது அன்றைக்கு ஒருநாள்தான். "வா, போய்ப் பாக்கலாம்" என்றேன்.

நீ பயப்படவே இல்லை. கால் நனைய நின்று அலையைப் பார்த்துச் சிரித்தாய். நான் கொஞ்சம் கையை விட்டேன். முழங்கால் ஆழம் இருக்காது. கண்ணாடி மாதிரி வழவழவென்று ஒரு சொறி மீன், ஜெல்லி மீன் என்பார்களே அது, அலையோடு வந்து உன் காலில் சுற்றிக்கொண்டது. அதன் நூல் பட்ட இடமெல்லாம் கோடு. உன் அம்மா சொன்னது சரி, கயிற்றால் அடித்த மாதிரிதான் இருந்தது.

அங்கிருந்து ஒரு மீன் ஆட்டோவில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் ஓடவில்லை. பஸ்ஸும் இல்லை. உதடு நீலமாகவில்லை. தொண்டை அடைக்கவில்லை. மூச்சு நன்றாக இருந்தது. அவ்வளவு மூச்சு இருந்ததால்தான் அந்தக் கத்து கத்தினாய். நர்ஸம்மா காலைக் கழுவிக் களிம்பு தடவினார். என் எதிரில் உனக்கு ஊசி எதுவும் போடவில்லை. இதை டாக்டரம்மாவிடம் அப்படியே காட்டு. இந்த வரியில் அலங்காரம் கிடையாது.

யாரோ சொல்லி உன் அம்மா ஓடிவந்தாள். உன் பாவாடை ஈரம். அவள் அந்த ஈரத்தையே பார்க்கிறாள். "இன்னாண்ணே ஆச்சு?" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதில் இருந்த ஒரு வார்த்தையை எடுத்துச் சொல்லிவிட்டேன். "ஜுரம் வந்துச்சு, பென்சிலின் ஊசி போட்டாங்க, ஒத்துக்கல, தண்ணி ஊத்திக் கழுவினாங்க." அவ்வளவுதான். அவள் உன்னைத் தூக்கிக்கொண்டாள், என்னைப் பார்த்து, "நீ கூட இருந்தியே, அது போதும்ணே" என்றாள்.

அன்றைக்கு என் கதையில் வெறும் தடிப்பு மட்டும்தான் இருந்தது. உதடு நீலம் அடுத்த வருஷம் வந்தது. தொண்டை அடைத்தது நீ பள்ளிக்கூடம் சேர்ந்தபோது. ஓட்டம் எப்போது வந்தது என்று எனக்கே ஞாபகம் இல்லை. கேட்கிறவர்கள் வாயைப் பிளந்து கேட்டார்கள், எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. சொல்லிச் சொல்லி நானும் அதை நம்பத் தொடங்கியிருந்தேன். டாக்டரம்மா சிவப்பு மையைத் திறந்தபோதுகூட எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன் கால் வீங்கிவிட்டது என்று எழுதினாயே, அன்றைக்குத்தான் எனக்கு அந்த மீன் ஞாபகத்துக்கு வந்தது.

"இதை உன் அம்மாவிடம் காட்டாதே" என்று இங்கே எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டேன். காட்டு. அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

இந்தக் காகிதத்தை ரஞ்சித்குமார் உள்ளே கொண்டுவருகிறான். அவன் வண்டியிலேயே நானும் வந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு அட்மிஷனுக்குக் கிளம்பாதே. இதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வா, டாக்டரம்மாவிடம் போவோம். துளி மருந்து கொடுத்துச் சோதிக்கட்டும். எவ்வளவு நேரமானாலும் வாசலிலேயே இருக்கிறேன். செருப்பைக் கழற்றமாட்டேன் என்று சொன்னால் உள்ளே விடமாட்டார்கள். அதனால் இந்த முறை அதைக் கழற்றி உன் கையில் கொடுத்துவிடுகிறேன்.

அந்தக் கதையில் நீ உண்மை, அலை உண்மை, உன் காலில் இருக்கிற கோடு உண்மை. பென்சிலின் மட்டும் நான் சேர்த்தது.

மோசஸ்